உறுமாத ஹாட் ராட்

வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய காரான ஹாட் ராட் என்றாலே அமெரிக்கர்களுக்கு எஞ்சினின் உறுமல்தான் நினைவுக்கு வரும். 1932-இல் வந்த ஃபோர்டு வி8 போன்ற கார்களைப் பழைய கார்களாக மலிவு விலைக்கு வாங்கி, மட்கார்டைக் கழற்றி எடை குறைத்து, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் விரட்டினார்கள். அந்தப் பித்து இன்று மின்மோட்டாரோடு பள்ளிப் பட்டறைகளிலும் தொடர்கிறது; உறுமல்தான் இல்லை.

முழு மின்கார் இல்லாவிட்டாலும், மேற்கு ஃபிலடெல்ஃபியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரில் மின்மோட்டாரும் டீசல் எஞ்சினும் சேர்ந்து உழைத்தன. 2010-இல் ஒரு கோடி டாலர் பரிசுக்கான, எரிபொருள் சிக்கனக் கார்களின் எக்ஸ் பிரைஸ் போட்டியில், கைதேர்ந்த பொறியாளர்களின் அணிகளோடு இவர்களும் களமிறங்கினார்கள்.

மின்கார் கட்டும் வேலையில் ரசிக்க வேண்டியது நிதானம். தடித்த கேபிளின் முனையில் செம்பு லக் என்னும் இணைப்பியை மாட்டி, கருவியால் நசுக்கி இறுக்கி, இழுத்துப் பார்க்க வேண்டும். பிடி தளர்ந்தால் அந்த இடம் சூடேறி உருகும். ஸ்பேனர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். ஏனென்றால் பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் இரும்பு ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுழன்ற பிறகே முழு இழுவிசை தரும். மின்மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே தருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டயர்தான் கீச்சிடும். ஓம் விதியைப் பரீட்சைக்காக உருப்போட்ட பிள்ளைகள்கூட, எந்தக் கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று இங்கே கணக்குப் போட்டுத்தான் கை வைக்கிறார்கள்.