ஃப்ரிட்ஜ் மேனுவலின் கடைசிப் பக்கம்

ஃப்ரிட்ஜோடு வரும் மேனுவலை யாரும் விமர்சனம் செய்வதில்லை. படித்தால்தானே செய்வதற்கு! நானும் ஆறு வருஷமாகப் படிக்கவில்லை. போன மாதம் ஃப்ரீசரின் பின்பலகை முழுக்க ஐஸ் கட்டி, கீழ்த்தட்டில் பால் திரிந்துபோன பிறகுதான் பரணிலிருந்து அதை எடுத்தேன். இத்தனைக்கும் ‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ என்று சொல்லி விற்ற பெட்டி.

கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை. ஐஸ் அதிகம் கட்டுகிறதா? கதவை அடிக்கடி திறந்திருப்பீர்கள். சூடான சாப்பாட்டை உள்ளே வைத்திருப்பீர்கள். கதவைச் சரியாக மூடியிருக்க மாட்டீர்கள். காரணம் மூன்று, குற்றவாளி ஒருவரே: நாம்தான். நான் வேறு இதைச் சத்தமாகப் படித்துவிட்டேன். ரெண்டு நாள் பிள்ளைகள் தண்ணி பாட்டில் எடுக்கவே பயந்தார்கள்.

சந்தேகம் வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். எங்களுடையது 250 லிட்டர் பெட்டி. அது காலியாகவே இருந்து, ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் காற்று மொத்தமும் மாறினாலும் வருவது 6 கிராம். இருபது தடவை திறந்தால் அரை டம்ளர் தண்ணி. அந்த அரை டம்ளரை உருக்கி வெளியேற்றுவதுதானே ஃப்ராஸ்ட் ஃப்ரீயின் வேலை! அதற்காகவே பலகைக்குப் பின்னால் காயிலை ஒட்டி ஒரு ஹீட்டர், அதை அவ்வப்போது ஓடவிட ஒரு டைமர் அல்லது போர்டு, போதும் என்று நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட், உருகிய நீர் இறங்க ஒரு குழாய். இதில் எது கெட்டாலும் ஐஸ் சேரும். ஐஸ் சேர்ந்தால் குளிர்காற்று கீழே இறங்கும் வழி அடைபடும், பால் திரியும். இந்த நாலில் ஒன்றின் பெயர்கூட அட்டவணையில் இல்லை.

நியாயமாகச் சொன்னால், ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் பெட்டிக்கு அந்த மூன்று காரணங்களும் பொருந்தும். அதில் தானாக உருக்கும் ஹீட்டர் கிடையாது, பட்டனை நாம்தான் அழுத்த வேண்டும். அந்தப் பக்கத்தை அப்படியே இங்கே ஒட்டிவிட்டார்களோ என்னவோ. கதவு ரப்பர் தளர்ந்திருந்தாலும் ராப்பகலாக ஈரம் உள்ளே போகும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தெரிந்துவிடும். அந்தச் சின்ன சோதனையைச் சொல்லவும் மனசு வரவில்லை.

மேனுவல் சொல்லாமல் விட்ட இடத்தில் வேறொருவர் வந்து பேசுகிறார். பலகையைக் கழற்றாமலே மெக்கானிக் சொன்னார்: “கேஸ் போயிடுச்சு சார், ஃபில் பண்ணணும், 4,000 ஆகும்.” கேஸ் குறைந்தால் வழக்கமாக காயிலின் தொடக்கத்தில் கொஞ்ச இடம்தான் பனி பிடிக்கும், மிச்சம் வெறுமனே கிடக்கும். காயில் முழுக்க ஒரே சீராக ஐஸ் மூடியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது உருக்கும் பாகங்களைத்தான். “கழட்டிக் காட்டுங்கண்ணே” என்றேன். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றினார். முழுக் காயிலும் வெள்ளைச் சுவர். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஹீட்டர் அறுந்திருந்தது. கேஸ் பேச்சு அதோடு நின்றது.

பலகையைக் கழற்றச் சொல்லி மேனுவல் எழுத முடியாது, அது ஆபத்து, ஒப்புக்கொள்கிறேன். ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள் என்று அது எச்சரிப்பதும் சரி. ஏன் என்று சொல்லியிருந்தால் இன்னும் சரி: இப்போது பல ஃப்ரிட்ஜ்களில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் பங்காளி. குழாயில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கக்கூடிய வாயு வெளியே வரும். ஆனால் ‘ஹீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி போடுவதில் என்ன ஆபத்து?

அட்டவணையின் ஓரத்தில் இரண்டு காயில் படங்களைப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன். ஒன்றில் மூலையில் மட்டும் பனி, இன்னொன்றில் முழுக்க. மேனுவல் இப்போது பரணில் இல்லை, ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது.