நீத்தல் விண்ணப்பமும் நிறைவென்னும் மயக்கமும்

திருவாசகத்துள் ஆறாவதாக அமைந்த நீத்தல் விண்ணப்பம் 50 கட்டளைக் கலித்துறைகளால் ஆகிய அந்தாதி. இதனை அருள்பெறுமுன் எழுந்த அழுகையெனச் சிலர் கொள்வர். அடிகள் பிறர்பொருட்டுப் பாடினாரென அமைதி கூறுவாரும் உளர். இரண்டும் பொருந்தா. இறைவன் தம்மைக் கலந்து ஆட்கொண்டமையை முதற்பாட்டே முடிந்த செய்தியாகக் கூறுகின்றது. பெற்ற பின்னரே இவ்வச்சம்.

பெருந்துறையிற் குருவருள் வாய்த்தவர், இனி யாது குறையென்று அமர்ந்திருக்கலாம். சமய வாழ்விற் பெருவழக்கும் அதுவே. தீட்சை பெற்ற நாளோடு தேடலை முடித்துக்கொள்வார் பலர். அடிகளோ உத்தரகோசமங்கை அரசனிடம், கைவிடுவாயோ என மீட்டும் மீட்டும் வினவுகின்றார். இருதலையும் தீப்பற்றிய கொள்ளியினுள் அகப்பட்ட எறும்பாகத் தம்மைக் காண்கின்றார். பிறிதோரிடத்தில் எறும்புகள் அரிக்கும் நாங்கூழ்ப் புழுவாகின்றார். ஆங்கு அரிப்பவை புலன்கள். முன்னர்த் துன்புற்ற எறும்பே பின்னர்த் துன்புறுத்துவதாய் வருதல் நோக்கத்தக்கது. மரபுபற்றிய வெறும் பணிவுரைக்கு இத்துணை நுட்பம் வேண்டுவதில்லை.

பின்வந்த மெய்கண்டாரும் சிவஞானபோதத்தின் 12ஆம் சூத்திரத்தில், ஞானம் பெற்றவரையே மலங் கழுவுமாறும் அடியாரோடு கூடுமாறும் பணித்தார். அவர் விதியாக வகுத்ததனை அடிகள் பட்டறிந்து பாடினார் எனலாம்.

ஆயினும் நூல் முழுவதும் நடுக்கமன்று. 49ஆம் பாட்டில், தம்மை விடின் இறைவனைப் பித்தனென்று ஏசுவதாகவே அச்சுறுத்துகின்றார். அணுக்க அன்பினர்க்கன்றி இவ்வுரிமை வாராது. அவ்வேச்சினையே அந்தாதித் தொடக்கமாகப் பற்றிய இறுதிப் பாட்டிலோ, ஏசினும் ஏத்தினும் தம் பிழைக்கே தாம் குழைவதாகக் கூறிப் பழைய வினாவுக்கே மீள்கின்றார்.