ஜனவரி 26: ஒரு நாளில் ஆஸ்திரேலியக் கண்டம்

1788 ஜனவரி 26 அன்று கேப்டன் ஆர்தர் பிலிப் சிட்னி குடாவின் கரையில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். கைதிகளையும் காவலர்களையும் சுமந்துவந்த அவருடைய 11 கப்பல்களும் சில நாட்களுக்கு முன்பே தெற்கிலுள்ள பாட்டனி விரிகுடாவை அடைந்திருந்தன. அங்கே நன்னீர் போதவில்லை. கப்பல்கள் கரையை நெருங்க ஆழமும் இல்லை. வேறு துறை தேடி வடக்கே வந்து சேர்ந்த நாள்தான் 26. குடியேற்றத்தின் ஆட்சியைத் தொடங்கிவைக்கும் அரச ஆணை பிப்ரவரி 7 அன்றுதான் வாசிக்கப்பட்டது. ஒரு துறைமுகத்துக்கு மட்டுமே உரிய இந்தத் தேதி கண்டம் முழுவதற்குமான நாளாக மாற ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. அந்த மாற்றத்தில் கொடியேற்றியவர்களின் வழித்தோன்றல்களைவிட, நிலத்தை இழந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கே பெரிய பங்கு உண்டு.

கொடி ஏறிய இடம் கடிகல் மக்களின் நிலம். கண்டம் முழுவதும் அப்போது 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. முங்கோ ஏரிப் படுகையில் கிடைத்த மனித எச்சங்கள் சுமார் 40,000 ஆண்டு பழமையானவை. வடக்கே மட்ஜெட்பெபே பாறைக்குடைவில் கிடைத்த கருவிகளின் காலத்தை 65,000 ஆண்டுகள் வரை பின்னுக்குக் கொண்டுசெல்லும் ஆய்வாளர்களும் உண்டு. கொடி ஏறி ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்குள், 1789இல், பெரியம்மை சிட்னிச் சுற்றுவட்டாரத் தொல்குடிகளில் பெரும்பகுதியினரைக் கொன்றது.

இருபதாம் ஆண்டு நிறைவான 1808 ஜனவரி 26 அன்று சிட்னியில் படை கிளர்ந்தது. ரம் வணிகத்தில் ஊறிப்போன அதிகாரிகளை ஆளுநர் வில்லியம் பிளை அடக்க முயல, மேஜர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் தலைமையில் வந்த வீரர்கள் ஆளுநரையே சிறைப்பிடித்தனர். பத்தாண்டு கழித்து, 1818இல், ஆளுநர் லாக்லன் மக்குவாரி 30 பீரங்கிக் குண்டுகள் முழங்கச் செய்து, அரசுப் பணியாளர்களுக்கு விடுமுறையும் அளித்தார். அப்போதும் அது சிட்னியின் விழா மட்டுமே. தெற்கு ஆஸ்திரேலியா 1836 டிசம்பர் 28ஐத் தன் நாளாகக் கொண்டது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஜூன் 1.

ஐம்பதாம் ஆண்டு நாளான 1838 ஜனவரி 26 அன்று சிட்னித் துறைமுகத்தில் படகுப் போட்டியைக் காணக் கூட்டம் திரண்டிருந்தது. அதே நாளில் வடக்கே வாட்டர்லூ ஓடைக்கரையில் மேஜர் ஜேம்ஸ் நன்னின் குதிரைப்படைக் காவலர்கள் கமிலரோய் மக்களைச் சுட்டு வீழ்த்தினர். இறந்தோர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் உடன்பாடில்லை. யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்த ஆண்டு ஜூனில் மயால் ஓடையில் தொல்குடியினர் 28 பேர் கொல்லப்பட்டபோது மட்டும் ஏழு பேர் தூக்கிலிடப்பட்டனர். கண்டத்தின் எல்லைப்புற வரலாற்றில் அது அரிதினும் அரிது.

1901இல் ஆறு குடியேற்றங்களும் ஒரே நாடாக இணைந்தன. அதற்குத் தேர்ந்தெடுத்த நாள் ஜனவரி 1. ‘ஆஸ்திரேலியா தினம்’ என்ற பெயரை எல்லா மாநிலங்களும் ஏற்றது 1935இல்தான். அடுத்து வந்த 150ஆம் ஆண்டு விழாவுக்குப் பெரும் ஏற்பாடுகள் நடந்தன. சிட்னி ஊர்வலத்தில் கைதிகளைக் காட்டும் காட்சி எதுவும் இடம்பெறவில்லை. நாட்டின் தொடக்கத்தைக் கொண்டாடியவர்கள் அதைத் தொடங்கிவைத்தவர்களையே மறைத்தார்கள். பிலிப் கரையிறங்கும் நாடகத்தில் நடிக்கச் சிட்னியின் தொல்குடிகள் மறுத்ததால், தொலைவிலிருந்த மெனிண்டி குடியிருப்பிலிருந்து ஆண்களைக் கொண்டுவந்து ரெட்ஃபெர்ன் காவல் வளாகத்தின் குதிரைலாயத்தில் அடைத்துவைத்தனர். வெள்ளையரைக் கண்டு அஞ்சி ஓடுவதுதான் அவர்களுக்குத் தரப்பட்ட வேடம்.

1938 ஜனவரி 26 அன்று, ஊர்வலம் கடந்துபோன பிறகு, எலிசபெத் தெருவின் ஆஸ்திரேலியன் ஹாலில் தொல்குடியினர் சுமார் நூறு பேர் கூடினர். ஜாக் பேட்டன் தலைமை வகித்தார். வில்லியம் ஃபெர்கூசன், பேர்ல் கிப்ஸ், முதுமையெய்தியிருந்த வில்லியம் கூப்பர் ஆகியோரும் வந்திருந்தனர். கறுப்பு உடையில் வந்து துக்க நாள் அறிவித்த அவர்கள், முழுக் குடியுரிமையும் சமத்துவமும் கோரித் தீர்மானம் நிறைவேற்றினர். ஐந்து நாள் கழித்துப் பிரதமர் ஜோசப் லயன்ஸைச் சந்தித்துப் பத்து அம்சத் திட்டத்தைக் கொடுத்தனர். ஆனால் மாநிலங்களிலுள்ள தொல்குடிகளுக்காகச் சட்டமியற்ற மத்திய அரசுக்கு அரசியலமைப்பு இடம் தரவில்லை. அந்தத் தடை நீங்க 1967 பொதுவாக்கெடுப்பு வரவேண்டியிருந்தது; அதில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர். இன்று ஜூலையில் கொண்டாடப்படும் தொல்குடிப் பண்பாட்டு வாரமும் இந்தத் துக்க நாளின் தொடர்ச்சியே.

1949 ஜனவரி 26 அன்று குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஆஸ்திரேலியர் எல்லோரும் பிரிட்டிஷ் குடிமக்களாக மட்டுமே இருந்தனர். 1970களில் வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை கைவிடப்பட்ட பின் ஆசியாவிலிருந்து வந்தோரில் பலர் குடியுரிமை உறுதிமொழி எடுத்ததும் இதே நாளில்தான். அவர்களுக்கு இது சொந்த வாழ்வின் நன்னாள். இந்தத் தேதி பற்றிய வாதங்களில் அந்த உணர்வை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

1972இல் இதே நாளில் பிரதமர் வில்லியம் மக்மேன் தொல்குடிகளின் நில உரிமைக் கோரிக்கையை மறுத்தார். அன்றிரவே நான்கு இளைஞர்கள் சிட்னியிலிருந்து கான்பெராவுக்குப் புறப்பட்டு, நாடாளுமன்றத்தின் எதிரே கடற்கரைக் குடை ஒன்றை நட்டுத் ‘தொல்குடித் தூதரகம்’ என்று பெயரிட்டனர். சொந்த மண்ணிலேயே அயலாராக நடத்தப்படுவோருக்குத் தூதரகம் தேவை என்பது அவர்களின் வாதம். குடையைச் சுற்றிப் பின்னர் எழுந்த கூடாரங்களைக் காவல்துறை பிரித்தபோது எழுந்த கொந்தளிப்பு நில உரிமையைத் தேசியப் பிரச்சினையாக்கியது. 1976இல் வடக்குப் பிரதேசத்துக்கான நில உரிமைச் சட்டம் நிறைவேறியது.

1988இல், இருநூறாம் ஆண்டில், சிட்னித் துறைமுகத்தைப் பாய்மரக் கப்பல்கள் நிறைத்தன. நகரத்தில் 40,000 பேர் பேரணி சென்றனர். தொல்குடியினரோடு வெள்ளையரும் திரளாக நடந்தனர். அது புறப்பட்டது, 1938இல் மெனிண்டி ஆண்கள் அடைக்கப்பட்டிருந்த அதே ரெட்ஃபெர்னிலிருந்து. இங்கிலாந்தின் டோவர் கடற்கரையில் தொல்குடிச் செயற்பாட்டாளர் பர்னம் பர்னம் தொல்குடிக் கொடியை நட்டு அந்த நாட்டைத் தம் மக்களுக்கு உரியதென அறிவித்தார். ஆனால் அந்த ஆண்டு விட்டுச்சென்ற மிகப் பெரிய படைப்பு, கான்பெரா தேசியக் கலைக்கூடத்திலுள்ள ‘தொல்குடி நினைவகம்’. ஆர்னம் நிலத்தின் ராமிங்கினிங் பகுதிக் கலைஞர்கள் 43 பேர் ஆண்டுக்கு ஒன்றாக 200 மரத்தண்டுகளில் ஓவியம் தீட்டினர். இறந்தோரின் எலும்புகளை இடுவதற்கு அந்த மக்கள் பயன்படுத்தும் உள்ளீடற்ற தண்டுகள் அவை. இடையே செல்லும் பாதை கிளைட் ஆற்றைக் குறிக்கிறது; ஒவ்வொரு கலைஞரின் தண்டுகளும் அவரவர் குலத்தின் நிலம் அமைந்த திசையில் நிற்கின்றன. எல்லைப்புறப் போர்களில் ஈமச்சடங்கின்றி மாண்டவர்களுக்கான இந்தப் படைப்பு, ஆஸ்திரேலியக் கலையின் உச்சங்களில் ஒன்று.

1992இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் மாபோ தீர்ப்பு, யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற சட்டக் கற்பனையைத் தகர்த்தது. 1994இலிருந்து ஜனவரி 26 நாடெங்கும் அந்தத் தேதியிலேயே விடுமுறையானது. 2017இல் மெல்பனின் யாரா, டேரபின் நகராட்சிகள் விழாவைக் கைவிட்டபோது, குடியுரிமை விழா நடத்தும் அவற்றின் அதிகாரத்தை மத்திய அரசு பறித்தது. 2022 இறுதியில் அந்த விழாக்களை அருகிலுள்ள நாட்களிலும் நடத்த அனுமதி வந்தது. தேதியை மாற்றும் கோரிக்கை தீரவில்லை. இப்போது சிட்னியில் இந்த நாளின் காலை தொல்குடிச் சடங்குடன் தொடங்குகிறது. பகலில் ஒருபுறம் துறைமுக விழாவும், இன்னொருபுறம் பேரணியும் தொல்குடியினரின் யாபுன் பண்பாட்டு விழாவும் நடக்கின்றன.