கொடியும் கொடிக்கீழ் நிற்போரும்

விடுதலைத் திருநாளும் குடியரசுத் திருநாளும் வருந்தோறும் தமிழ்ச் சங்கங்களில் கொடியேற்றம் நிகழ்கிறது. சிறுவர் சிறுமியர் பாரதியாரின் கொடிப் பாட்டை இனிமையாகப் பாடுகின்றனர். நாமும் கைதட்டி மகிழ்ந்து, இனிப்புண்டு கலைகிறோம். அப்பாட்டு நம்மிடம் என்ன கேட்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கொடியைப் பறக்கவிடுவதுடன் நாட்டுப்பற்று நிறைவு பெற்றுவிடுகிறதா? இவ்வினாவிற்குத் தமிழ் இலக்கியம் தரும் விடையைச் சிறிது ஆராய்வோம். மட்டாஞ்சேரி போன்ற பன்மொழி ஊரில் குடியேறி வாழும் தமிழர்க்கு இவ்வாராய்ச்சி வாழ்க்கையோடு ஒட்டியதாகும்.

பட்டினத்துக் கொடிகள்

கொடியைப் பற்றிய பழந்தமிழ்ச் செய்திகளுள் சுவை மிக்கது பட்டினப்பாலையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தைக் காட்டும்போது, கதிரவன் கதிரும் நுழைய இயலாதபடி அங்கே கொடிகள் நெருங்கியிருந்தன என்கிறார். தெய்வத்திற்கு எடுத்த கொடி ஒருபால். துறைமுகத்து நாவாய்களின் கூம்பில் அசையும் கொடி ஒருபால். கள் விற்கும் மனையின் வாயிலில் ஆடும் கொடி மற்றொருபால். இவற்றிடையே கற்றுத் துறைபோகிய ஆசிரியர்கள் சொற்போருக்கு அழைத்து உயர்த்திய கொடியும் பறக்கிறது.

இக்கொடிகள் யாவும் ஏதோ ஒன்றை அறிவிக்கின்றன என்பதை நாம் உற்று நோக்கவேண்டும். கள்ளுக்கொடி கட்டிய மனையில் கள் இருத்தல் வேண்டும். வாதுக்கொடி உயர்த்திய புலவர், வந்து வினவுவார்க்கு விடையிறுக்க வல்லவராதல் வேண்டும். இல்லையேல் கொடி பொய்க்கொடியாகும். ஆகவே, தமிழர் கண்ட கொடி ஒரு வாக்குறுதி. அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு உயர்த்தியவரையே சாரும்.

மூவேந்தரின் வில்லும் புலியும் கயலும் வேறுவகைக் கொடிகள். அவை ஆட்சியின் எல்லையைக் காட்டின. ஒரு வேந்தன் கொடி ஓங்க மற்றொரு வேந்தன் கொடி தாழ்ந்தது. தமிழ் பேசிய மூவரையும் பிரித்து நிறுத்திய கொடிகள் அவை.

மாதாவின் துவஜம்

இவ்விரு மரபுகளையும் நினைவிற் கொண்டே பாரதியாரின் 'மாதாவின் துவஜம்' என்னும் பாட்டைக் கற்றல் வேண்டும். தாயுமானவரின் ஆனந்தக்களிப்பு மெட்டில் அமைந்தது அது. இன்று அதனைப் பாடும் குழந்தைகள் மூவண்ணக் கொடியையே மனத்திற் கொண்டு பாடுகின்றனர். ஆயின், அரசியல் நிர்ணய சபை மூவண்ணக் கொடியை ஏற்றது 1947 ஜூலை 22 அன்று. பாரதியாரோ 1921-லேயே மறைந்துவிட்டார். அவர் பாடிய கொடி செந்நிறமானது. நடுவே வந்தே மாதரம் என்னும் மந்திரமும், ஒருபுறம் இந்திரனின் வச்சிரமும், மறுபுறம் இசுலாமியரின் இளம்பிறையும் கொண்டது. வச்சிரச் சின்னத்தை நாட்டுக் கொடிக்கு உரியதாக்க முயன்றவர் நிவேதிதா தேவியார். அவரையே குருவாகப் போற்றிச் 'சுதேச கீதங்கள்' நூலை 1908-இல் பாரதியார் காணிக்கையாக்கினார். பிறைச் சின்னமோ 1907-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் காமா அம்மையார் உயர்த்திய கொடியிலும் இடம்பெற்றிருந்தது.

துணியும் நிறமும் மாறிய பின்னும் பாட்டு பழமையடையாதிருப்பது ஏன்? கவிஞரின் பார்வை கொடியில் நெடுநேரம் நிற்கவில்லை என்பதே காரணமென நாம் கருதுகிறோம். கம்பம், துகில், சின்னம் ஆகியவற்றை முதலிற் சில அடிகளில் காட்டிவிட்டு, அவர் நம் கண்ணைக் கம்பத்தின் அடிக்கு இறக்குகிறார். அங்கே மக்கள் திரண்டு நிற்கின்றனர். தமிழர், சேரநாட்டார், தெலுங்கர், துளுவர், கன்னடர், ஒட்டியர், மராட்டியர், இந்துஸ்தானத்தார், இராசபுத்திரர், பாஞ்சாலத்தார், வங்கத்தார் என அணிவகுப்பு நீள்கிறது. பாட்டின் பெரும்பகுதி இவர்களைப் பற்றியதே. முடிவில் வாழ்த்துரைக்கும்போதும் அம்மக்களின் மனவீரத்தை முன்னர் வாழ்த்தி, கொடியைப் பின்னரே வாழ்த்துகிறார். இவ்வரிசை முறை தற்செயலானதாகத் தோன்றவில்லை.

இன்னுமொரு நயம் நமக்குச் சிறப்பாக உரியது. தமிழரையும் சேரனின் வீரரையும் கவிஞர் ஒரே செய்யுளில் அடுத்தடுத்து நிறுத்தியுள்ளார். வில்லும் புலியும் கயலும் பிரித்த மக்களை ஒரு கம்பத்தின் கீழ்த் தோளோடு தோள் சேர்த்த இடம் இது.

பாட்டில் இல்லாதவர்

பாட்டில் குறையே இல்லையெனக் கூறுதல் திறனாய்வாகாது. அங்கே நிற்போர் அனைவரும் போர்வீரர்கள். நெய்பவரும் சுமப்பவரும் வெளுப்பவரும் அவ்வணியில் காணப்படவில்லை. அடிமைப்பட்ட மக்களுக்கு வீரவுணர்வு ஊட்ட வேண்டிய காலம் அதுவாதலின், கவிஞர் மறவரையே அழைத்தார் எனலாம். உழைப்பவரைப் பாரதியார் பிற பாட்டுகளில் உளமாரப் போற்றியுள்ளார். எனினும் இப்பாட்டில் அவர்களுக்கு இடமில்லை.

அவ்விடத்தை வரலாறு நிரப்பியது. சென்னிமலையில் நெசவுக் குடும்பத்திற் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் கொடியேந்தி ஊர்வலம் சென்று காவலரின் தடியடிக்கு உள்ளானார்; மறுநாள் உயிர்நீத்தார். கொடி காத்த குமரன் என்று நாடு அவரை அழைக்கிறது. வாளேந்தாத ஏழைத் தொழிலாளி ஒருவர், கவிஞர் காட்டிய அணியில் தம் இடத்தைத் தாமே பெற்றுக்கொண்டார்.

உரிமையும் மதிப்பும்

அன்று கொடியேந்துதல் அடிபடுதற்குரிய செயல். இன்றோ அது குடிமகனின் உரிமை. சில நாள்களில் மட்டுமே பொதுமக்கள் கொடியேற்றலாம் என்றிருந்த கட்டுப்பாட்டை 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த கொடி விதித்தொகுப்பு தளர்த்தியது. நவீன் ஜிண்டால் வழக்கில் 2004 ஜனவரி 23 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மதிப்புடன் கொடி பறக்கவிடுதல் கருத்துரிமையின் பாற்படும் என்றது. 2021 டிசம்பரில் பாலியஸ்டர் துணிக்கும் எந்திர உற்பத்திக்கும் இசைவு கிடைத்தது. 2022 ஜூலையில் வீடுகளில் இரவும் பகலும் பறக்கவிட வழி பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 13 முதல் 15 வரை இல்லந்தோறும் கொடி என்ற இயக்கமும் நடைபெற்றது.

கொடி எளிதிற் கிடைப்பது நன்றே. ஆயினும் எளிதிற் கிடைப்பதை அளவுகோலாக்கி, 'இன்னார் வீட்டில் கொடி இல்லை' என்று அண்டை வீட்டாரை எடைபோடுதல் தகாது. நாட்டுப் பண் பாடப்பட்டபோது மரியாதையுடன் எழுந்து நின்றும் வாய் திறந்து பாடாத கேரள மாணவர் மூவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்தம் சமய நம்பிக்கையை மதித்து 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புரைத்தது. பற்றினைப் புறச்செயல் ஒன்றால் மட்டும் அளத்தலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

மட்டாஞ்சேரி கற்பிக்கும் பாடம்

கொச்சி பல கொடிகளைக் கண்ட துறை. 1503-இல் போர்த்துகீசியர் கோட்டை கட்டினர். 1663-இல் டச்சுக்காரரும் 1795-இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். கோட்டைப் பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருக்க, அடுத்திருந்த மட்டாஞ்சேரி கொச்சி அரசரின் ஆட்சியில் இருந்தது. நடந்து கடக்கும் தொலைவில் இரண்டு ஆட்சிகள்! ஏறிய கொடிகள் இறங்கின, மக்களோ நிலைத்தனர். 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடமும் அரண்மனையும் அடுத்தடுத்து நிற்கும் இவ்வூரில் கொங்கணியரும் குஜராத்தியரும் கச்சி மேமன்களும் மலையாளிகளும் தமிழரும் கூடி வாழ்கின்றனர். டச்சுப் படையினரின் உடை வெளுக்க அழைத்துவரப்பட்டோரின் வழியினர் எனச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் இன்றும் அத்தொழிலைச் செய்கின்றன. பாரதியார் காட்டிய அணிவகுப்பைப் போர்க்கோலம் நீக்கிக் காண விழைவோர் இவ்வூர்த் தெருக்களில் நடந்தால் போதும்.

ஆயினும் இவ்வொற்றுமை தானே நிலைப்பதன்று. முல்லைப் பெரியாற்று அணை பற்றிய பூசல் 2011 டிசம்பரில் மூண்டபோது, எல்லையின் இருபுறத்தும் சிறுவணிகரும் தொழிலாளரும் அஞ்சி வாழ நேர்ந்தது. இருசாராரும் ஏற்றியது ஒரே கொடிதான். கொடி உயர்ந்திருந்தது, கொடி அளித்த வாக்குறுதி தாழ்ந்தது. பட்டினப்பாலை காட்டும் நெறியில் நோக்கின், அவ்வேளை நாம் கட்டியிருந்தது சரக்கில்லாக் கடையின் கொடியே அன்றோ?

ஆகவே, நம் இல்லங்களில் கொடியேற்றுவோம், மகிழ்வுடன் ஏற்றுவோம். நம் பிள்ளைகளுக்குப் பாரதியாரின் பாட்டை முதலடிகளோடு நிறுத்தாமல் இறுதிவரை கற்பிப்போம். தமிழரும் சேரநாட்டாரும் அருகருகே நிற்கும் செய்யுளின் பொருளை விளக்கிச் சொல்வோம். அண்டை வீட்டாரின் மொழியைப் பிழையறக் கற்பதும், அவர்தம் துன்பத்தில் முன்னிற்பதும், பூசல் மூளும் நாளில் நாவடக்கிப் பேசுவதும் அச்செய்யுளுக்கு நாம் எழுதும் உரையாகும். மாலையில் கொடியை இறக்கி மடித்து வைத்த பின்னும் அவ்வுரை தொடர்தல் வேண்டும்.