ஏழு சதவீதத்தின் பொருள்: செயலிவழி உழைப்பும் சமத்துவமின்மையின் அளவீடும்

சமத்துவமின்மையை அளவிட முனையும் எந்த ஆய்வும், எதனை அளப்பது என்ற வினாவுக்கு முன்கூட்டியே ஒரு விடையை ஏற்றுக்கொண்டே தொடங்குகின்றது. அவ்விடை ஆராயப்படாதவிடத்து, எண்கள் உண்மையைத் துலக்குவதற்குப் பதிலாக மறைக்கவுங் கூடும். செயலிவழித் தொழிலாளர் பற்றிய ஆய்வுகளுள் பெரிதும் எடுத்தாளப்படும் ஒன்று இதற்குத் தக்க சான்றாகும்.

குக், டயமண்ட், ஹோல், லிஸ்ட், ஓயர் ஆகிய பொருளியலாளர் ஐவர், ஐக்கிய அமெரிக்காவின் ஊபர் சாரதிகள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 2021இல் வெளிவந்தது. ஆண்கள் மணித்தியாலத்துக்குப் பெண்களிலும் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈட்டுகின்றனர் என்பது அதன் முடிபு. கட்டண விதியோ இருபாலாருக்கும் ஒன்றே. அனுபவம், ஓட்டும் இடமும் நேரமும், வேகம் ஆகியனவே இவ்வேறுபாட்டுக்குக் காரணமென ஆசிரியர்கள் விளக்கினர். வினாக்கொத்துக்களை நம்பியிராது, பயணங்களின் பதிவுகளையே ஆதாரமாகக் கொண்டமை இவ்வாய்வின் சிறப்பு. பயணிக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் உழைப்பு நேரமாகக் கணித்தமை பாராட்டத்தக்கது.

எனினும், ஒரு வேறுபாட்டுக்குக் காரணம் கண்டுவிட்டமையால் அது நியாயமாகிவிடாது. குற்றச் செயல்களும் மதுச்சாலைகளும் மிக்க பகுதிகளில் ஆண்களே கூடுதலாக ஓட்டுகின்றனர் என்பதைக் கட்டுரையே சுட்டுகின்றது. அப்பகுதிகளைப் பெண்ணொருத்தி தவிர்ப்பது விருப்பத்தினாலா, அச்சத்தினாலா? பெண்கள் இத்தொழிலை விட்டு விரைவில் நீங்குவதால் அவர்களின் அனுபவமுங் குறைகின்றது. அவர்கள் ஏன் நீங்குகின்றனர் என்பதே சமூகவியல் எழுப்பவேண்டிய வினா. அதனை எழுப்பாதவிடத்து, சமூகத்தின் ஏற்றத்தாழ்வு ‘தெரிவு’ என்னும் பெயர் தாங்கிக் கணக்கினுள் நுழைந்துவிடுகின்றது.

அடுத்து, இங்கு அளக்கப்பட்டது செலவு நீக்கப்படாத வருமானமாகும். சாரதிகள் இருவர் நாளொன்றுக்கு 2,000 ரூபா வீதம் பெறுவதாகக் கொள்வோம். ஒருவர் சொந்த வாகனத்தில் 8 மணித்தியாலம் ஓட்டி, 400 ரூபாவைச் செலவிடுகின்றார். மற்றவர் வாடகை வாகனத்தில் 10 மணித்தியாலம் ஓட்டி, வாடகைக்கும் எரிபொருளுக்குமாக 1,000 ரூபாவை இழக்கின்றார். பெற்ற தொகையில் வேறுபாடே இல்லை. ஆனால், மணித்தியாலத்துக்கு முன்னவருக்கு எஞ்சுவது 200 ரூபா. பின்னவருக்கு 100 ரூபா. உற்பத்திச் சாதனம் யாருடையது என்ற பழைய வினா, புதிய தொழிலிலும் தன் கூர்மையை இழந்துவிடவில்லை.

இவையனைத்தினும் முக்கியமானது பிறிதொன்று. சாரதியைச் சாரதியோடு ஒப்பிடும் எந்த அளவுகோலும், சாரதிக்கும் நிறுவனத்துக்குமிடையிலான தூரத்தைக் காட்டமாட்டாது. தொழிலாளர் அனைவரும் ஒரே அளவில் வறியராயின், அவர்களிடையே கினிக் குணகம் பூச்சியமாகும். அதனைச் சமத்துவம் என எவரும் கொள்ளார். 2021 பெப்ரவரியில் ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம், ஊபர் சாரதிகளைச் சட்டத்தின் கண் தொழிலாளராகக் கொண்டு தீர்ப்பளித்தது. கட்டணத்தை நிர்ணயிப்பது சாரதியன்றி நிறுவனமே என்பதை அதற்கான காரணங்களுள் ஒன்றாக அது எடுத்துரைத்தது. நீதிமன்றம் கண்ட இவ்வதிகார உறவு, பொருளியலாளரின் சமன்பாட்டில் மாறியாக இடம்பெறவில்லை.

ஆகவே, 7 சதவீதம் என்பது பிழையான எண்ணன்று, முற்றுப்பெறாத எண். செலவையும், அச்சத்தையும், விலகிச் சென்றோரையும், விலையை நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் உள்ளடக்கும்போதே அளவீடு சமூக விஞ்ஞானமாகும்.