சூரியாஸ்தமன சங்கீதம்

பலருடைய கதைகளைப் பொறுக்கி ஒருவர் புஸ்தகம் போட்டால், நாம் விமரிசிக்க வேண்டியது கதைகளை மட்டுமல்ல, பொறுக்கியவரையும்தான். இசைத்தட்டுத் தொகுப்புக்கும் அதே கணக்கு. 1994-ல் வெளிவந்த 'காபே தெல் மார்' முதல் தொகுதியை ஹோஸே பாதியா என்பவர் எழுதிய நூலாகவே பாவித்து நான் கேட்கிறேன். இத்தனைக்கும் 'ஆகுவா' என்ற உருப்படிதான் அதில் அவர் சொந்தமாகச் செய்தது.

ஸ்பெயினைச் சேர்ந்த இபிஸா தீவின் மேற்குக் கரையில் ஸான்ட் அன்டோனி என்று ஓர் ஊர். காபே தெல் மார் அங்கே 1980-ல் திறந்த ஒரு மதுக்கடை. சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க ஜனங்கள் அங்கே கூடுவார்கள். விடிய விடிய ஆட்டம் போடுகிற தீவு அது. ஆட்டம் தொடங்குமுன் வரும் அந்த அந்தி வேளைக்கு எந்தத் தட்டை வைப்பது என்பதே 1991 முதல் பாதியாவின் உத்தியோகம். தாம் கோத்த பாட்டுகளை நாடாவில் பதிந்து விற்று வந்தவர் அவர். பிறகுதான் கம்பெனித் தட்டு வந்தது.

இதில் பெரும்பாலும் மின்சார வாத்தியமும் யந்திரத் தாளமும்தான். காலை எழுப்பாமல் தலையை மட்டும் அசைய விடுகிற வேகம். ஆனால் பாதியாவின் ருசி எங்கே தெரிகிறது என்றால், 'ஸேபர்ஸ் ஆப் பாரடைஸ்' என்ற இங்கிலாந்துக் குழுவின் 'ஸ்மோக்பெல்ச்' உருப்படியில். மூலத்தில் அது நடனக் கூடத்துக்கு ஆனது. இவர் எடுத்துக்கொண்டதோ தாளத்தை அடியோடு நீக்கிய வடிவம். மேளத்தை எடுத்துவிட்டால் மெட்டு சரிந்து விழ வேண்டும், விழவில்லை. துணையில்லாமல் நடந்து போகிறது. கொஞ்சம் சோகமாகக்கூட இருக்கிறது.

இன்னொரு துணிச்சல், 'பென்குயின் காபே ஆர்க்கெஸ்ட்ரா'வைச் சேர்த்தது. ஸைமன் ஜெப்ஸ் என்ற ஆங்கிலேயர் 1982-ல் ஜப்பானின் கியோட்டோ நகரத் தெருவில் யாரோ போட்டுவிட்டுப் போன ஹார்மோனியம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் பிறந்த மெட்டு அது. துருத்தியும் காற்றுமாகச் சிறு பிள்ளை குதித்துப் போவதுபோல் ஓடுகிறது. மின்சாரத் தட்டில் இதற்கு என்ன வேலை என்று சட்டம் பேசுகிறவர்கள் கேட்கலாம். ஜாதி பார்த்துப் பொறுக்கியிருந்தால் இந்தத் தொகுதிக்கு உயிரே இராது என்பது என் அபிப்பிராயம்.

நடுவே இரண்டு மூன்று உருப்படிகள் வெறும் ஓட்டம்தான், வருகின்றன, போகின்றன. அங்கே கடலைக் காட்டித்தான் சமாளிக்க வேண்டும். இங்கேதான் இந்த வகைச் சங்கீதத்தின் மேல் உள்ள பெரிய புகார் வருகிறது: இது கேட்பதற்கா, கேட்காமல் இருப்பதற்கா? நம் பழையவர்கள் நெய்தல் நிலத்துக்கு எற்பாட்டைப் பொழுதாக வைத்தார்கள். வைத்துவிட்டுக் கூடவே இரங்கலையும் வைத்தார்கள். வெளிச்சம் போகிறபோது கரையில் நிற்கிறவளுக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று குறைகிறது. அந்தக் குறை இல்லாவிட்டால் அஸ்தமனம் வெறும் காலண்டர்ப் படம். பாதியாவின் நல்ல தேர்வுகளில் அந்தக் குறை இருக்கிறது. மழை நாளில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கடலே இல்லாமல் கேட்டாலும் இருக்கிறது.

பிற்பாடு நடந்தது வேறு கதை. 1999-ல் வந்த ஆறாவது தொகுதியோடு அவர் தொகுப்பதை நிறுத்திக்கொண்டார். பெயர் மட்டும் நிற்கவில்லை. இருபதுக்கு மேல் தொகுதிகள் வந்துவிட்டன. அதைப் பார்த்துச் செய்த நகல்களுக்குக் கணக்கே கிடையாது. ஹோட்டல் முகப்பிலும் லிப்டிலும் சோபாவோடு சோபாவாக அவை போடப்பட்டிருக்கின்றன. குறை நீக்கிய அந்தி அவற்றில் ஒலிக்கிறது. இந்தப் பழியைப் பாதியாவின் தலையில் கட்டுகிறவர்கள் முதல் தட்டை நிதானமாகக் கேட்டவர்களல்ல.

அவர் 2020 அக்டோபரில் காலமானார். 'ஸ்மோக்பெல்ச்' குழுவின் தலைவர் ஆண்ட்ரூ வெதரால் அதே வருஷம் பிப்ரவரியில் போய்விட்டார். வாங்க நினைப்பவர்கள் உறையில் எண்ணைப் பார்த்து வாங்கவும்: ஒன்றிலிருந்து ஆறு வரை. ஒன்று மட்டும் போதும் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.