அகராதியில் அடங்காத கை

தங்கை பெண் வாட்ஸ்அப்பில் 'சாப்டாச்சா மாமா?' என்று கேட்டு, கூடவே ஒரு மஞ்சள் கை அனுப்பியிருந்தாள். ஐந்து விரல்களும் குவிந்து மேலே பார்க்கும் கை. கவளம் எடுக்கிற கை என்று நினைத்திருக்கிறாள். தப்பில்லை, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். 2020-ல் எமோஜி வரிசையில் சேர்ந்த அந்தக் கைக்குப் பூர்வீகம் இத்தாலி. அங்கே அதற்கு அர்த்தம், 'என்னய்யா சொல்றே? உனக்கு என்னதான் வேணும்?'

இந்தக் குழப்பத்தில் புரூனோ முனாரியின் சின்னப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் புரட்டினேன். முனாரி (1907-1998) மிலான்காரர், பெரிய டிசைனர். 1958-ல் 'இத்தாலிய அகராதிக்கு ஓர் இணைப்பு' என்ற குறும்பான தலைப்பில் கொண்டுவந்தார். 2005-ல் அமெரிக்காவில் 'ஸ்பீக் இத்தாலியன்' என்று மறுபதிப்பு. கறுப்பு வெள்ளையில் ஒரு கை, பக்கத்தில் நாலு வரி விளக்கம், அவ்வளவுதான். அழகான புத்தகம். கல்யாணத்துக்குப் பரிசு கொடுக்கலாம்.

ஆனால் அதைப் படித்துவிட்டு நேபிள்ஸ் போய் இறங்கினால் உதை வாங்கவும் வாய்ப்பிருக்கிறது. பெரும்பாலும் முகமில்லாத கைகள். போட்டோ என்பதால் அசைவும் இல்லை. குவித்த கையைச் சும்மா நிறுத்தி வைத்தால் அது கேள்வியே ஆகாது. மணிக்கட்டிலிருந்து மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். வேகம் கூடக் கூட எரிச்சலும் கூடுகிறது. புருவம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.

கொம்பு முத்திரை இன்னும் மோசம். ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நீட்டி, தரையைப் பார்த்துக் காட்டினால் திருஷ்டி கழிக்கிறீர்கள். அதே கையை ஒருத்தரைப் பார்த்துத் தூக்கிக் காட்டினால், 'உன் பெண்டாட்டி உன்னை ஏமாத்தறா' என்று அர்த்தம். (2002-ல் 'பாபா' பார்த்த கையோடு நம் ஆள் யாராவது அங்கே டூர் போயிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.)

இதையெல்லாம் முனாரிக்கு 126 வருஷம் முன்பே ஒரு பாதிரியார் புரிந்துவைத்திருந்தார். ஆந்திரேயா டி யோரியோ, நேபிள்ஸ் கதீட்ரலைச் சேர்ந்தவர், தொல்பொருள் பைத்தியம். பூமியைத் தோண்டி எடுத்த பழைய ஜாடிகளிலும் பாம்பேயி, ஹெர்குலேனியம் சுவரோவியங்களிலும் உள்ள ஆட்கள் கையை என்னவோ செய்கிறார்கள். என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. சரி, வெளியே தெருவில் மீன் விற்கிறவளைக் கேட்போம் என்று கிளம்பிவிட்டார். 1832-ல் புத்தகம் வந்தது. கொம்பு முத்திரைக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்: யார் காட்டினார், யாருக்கு, எந்தத் திசையில், என்ன முகபாவத்தோடு. படங்களிலும் தனிக் கைகளோடு நிற்கவில்லை. சண்டை, காதல் என்று தெருக் காட்சிகளாகவே வரைய வைத்திருக்கிறார். பழங்காலத்துக் கையும் இன்றைய கையும் ஒன்றே என்று அவர் நம்பியது கொஞ்சம் அதிகம்தான். அவர் கேட்டு, பார்த்து எழுதியவை அந்த நம்பிக்கையைத் தாண்டி நிற்கின்றன.

இந்த மாதிரிப் புத்தகங்களைப் பார்த்ததும் எல்லாரும் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு: 'இத்தாலிக்காரனுக்கு அது ரத்தத்திலேயே ஊறினது சார்.' நானும் சொல்லியிருக்கிறேன். நாஜி ஜெர்மனியில் இது வெறும் பேச்சு இல்லை. கையசைவும் இனத்தோடு பிறக்கிறது என்று அங்கே பேராசிரியர்களே எழுதினார்கள். அதற்குப் பதில் தேடி, மானுடவியல் அறிஞர் பிரான்ஸ் போவாஸின் மாணவர் டேவிட் எஃப்ரான், நியூயார்க்கில் குடியேறிய தென் இத்தாலியர்களையும் யூதர்களையும் கவனித்தார். கூடவே ஓர் ஓவியர், தெருவில் நின்று கைகளை வரைந்துகொண்டே இருந்தார். 1941-ல் வந்த முடிவு: ஊர் வழக்கத்தோடு வாழ்ந்தவர்களிடம் இரண்டு சமூகத்தின் கைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. அமெரிக்கர்களோடு கலந்து வளர்ந்தவர்களிடம் அந்த வித்தியாசம் மங்கி, இரு தரப்பும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. ஒரே தலைமுறையில் காணாமல் போவது எப்படி ரத்தத்தில் இருக்க முடியும்?

முனாரியை ஒரு காபி குடிக்கிற நேரத்தில் பார்த்து முடிக்கலாம். பாதிரியார் புத்தகத்தை 2000-ல் ஆடம் கெண்டன் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். தடி புத்தகம், மேஜை வேண்டும். படிக்கும்போது கை சும்மா இருக்காது, பக்கத்தில் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளவும்.